கொக்கு எறியாத வெள்ளிக்கிழமை

இன்பமணிக்குக் கோபம் சட்டென்று வராது. வந்துவிட்டால் போகவும் போகாது. கொரியாக்காரர்களின் மெஸ்ஸில் அவன் போட்டுவைக்கும் கிம்சியும் அப்படித்தான். முட்டைக்கோஸில் உப்பும் மிளகாயும் பூசி மூடிவைத்தால் நாளாக ஆகப் புளிப்பும் காரமும் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கைப்பக்குவத்தால்தான் அவன் பிழைத்தான். வெல்டருக்கு ஹெல்பர் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் அவனைக் குவைத்துக்கு அனுப்பினான். ஃபஹாஹீலுக்குத் தெற்கே, ரிஃபைனரி வேலை எடுத்திருந்த ஒரு கொரியக் கம்பெனியின் கேம்ப்பில் வந்து இறங்கியபோது வெல்டிங் ராடு தரவில்லை, கத்தியைத் தந்தார்கள். குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, மீனைத் தவிர எதையும் அரிந்து பழகாதவன் மூட்டை மூட்டையாக முட்டைக்கோஸ் அரிந்தான்.

கத்தியைத் தந்தவன் கிளிட்டஸ். மெஸ்ஸுக்கு இன்சார்ஜ். ஒரே ஊர், ஒரே பங்குக் கோயில், சுற்றி வளைத்துப் பார்த்தால் இன்பமணிக்கு அண்ணன் முறை. சைட்டில் சிமென்ட் தூசியில் காயவிடாமல் தம்பி என்று சொல்லிக் கிச்சனுக்குள் இழுத்துவிட்டதும் அவன்தான். அந்த நன்றிக்கு இன்பமணி அவனுடைய சட்டைகளைக்கூடத் துவைத்துப் போட்டிருக்கிறான். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போலிருக்கும்.

நடந்தது இதுதான். அந்த நாளில் இன்பமணியிடம் மொபைல் கிடையாது. ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் கிளிட்டஸின் மேசைமேல் இருந்த போனுக்குத்தான் வரும். ஒருநாள் இன்பமணியின் அக்கா டெல்சி கூப்பிட்டாள். அப்பா வலை இழுக்கும்போது கடற்கரையில் விழுந்துவிட்டார், நினைவு வரும்போதெல்லாம் மகனைக் கேட்கிறார், உடனே அனுப்பிவையுங்கள் என்றாள். "இப்பமே சொல்லுகேன் பிள்ள, நாளைக்கே ஏத்தி விடுகேன்" என்று கிளிட்டஸ் போனை வைத்தான். வைத்தவன் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் சியோலிலிருந்து கம்பெனியின் பெரிய தலைகள் வருவதாக இருந்தது. இன்பமணியின் கை இல்லாமல் விருந்து நடக்காது. விருந்து கெட்டால் இன்சார்ஜ் பதவி போகும்.

டெல்சி மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. கடைசியில் கதை தீர்ந்துபோய் அவன் ஒன்று சொன்னான் பாருங்கள், அதைச் சொன்ன வாயில் புழுதான் வைக்க வேண்டும். "அவன் லீவே வேண்டாம்னு சொல்லிட்டான் பிள்ள. ஓவர்டைம் போயிரும்னு நெனைக்கான். நான் என்னத்த செய்யதுக்கு?"

பெரிய தலைகள் வயிறு நிறைந்து விமானம் ஏறிய பிறகுதான் கிளிட்டஸ் இன்பமணியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் செய்தியைச் சொன்னான். அதற்குள் அப்பாவை அடக்கம் செய்துவிட்டார்கள். ஒரே மகன் போட வேண்டிய மண்ணை ஊரார் போட்டார்கள். இன்பமணி கிளிட்டஸின் போனிலேயே அக்காவைக் கூப்பிட்டான். "அப்பன விட ஒனக்கு துட்டு பெரிசாப் போச்சு, இல்லியா?" என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அந்தப் பேச்சு எங்கிருந்து முளைத்தது என்று ஊர்க்காரன் ஒருவன் மூலம் பிறகுதான் தெரிந்தது. லீவில் போனபோது அக்காவின் வீட்டு வாசலில் நின்று சத்தியம் செய்தான். "கிளிட்டஸ் அண்ணன் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று அவள் கதவைச் சாத்தினாள். கோயிலுக்கு மணி வாங்கிக்கொடுத்த மனுஷன் பொய் சொல்வானா என்றுதான் ஊரும் கேட்டது. பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே பேச்சு. அப்பன் கிடந்து சாகும்போது ஓவர்டைம் பார்த்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நாற்பதை நெருங்கியும் இன்பமணி ஒற்றைக்கட்டையாய் நின்றான்.

கிளிட்டஸை அவன் அடிக்கவில்லை. அடித்தால் விசா கேன்சல், அடுத்த விமானத்தில் ஊர். அதே கிச்சனில், அதே 'அண்ணே'யோடு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அவன் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். கிளிட்டஸும் தன் வீட்டில் இருக்க வேண்டிய ஒரு நாளில் இல்லாமல் போக வேண்டும். ஊர் அவனையும் அதே கேள்வி கேட்க வேண்டும்.

இதற்கிடையில் இன்பமணி பேஸ்பால் கற்றுக்கொண்டான். கொரியாவில் மாலை ஆறரைக்கு ஆட்டம் என்றால் குவைத்தில் பகல் பன்னிரண்டரை. கொரியர்கள் சாப்பிட உட்காரும் நேரமும் அதுவே. மெஸ் ஹாலில் சுவரோரம் பெரிய டிவி. அந்த ஹாலில் பரிமாற உரிமை கிளிட்டஸுக்கும் இன்பமணிக்கும் மட்டும்தான். மற்ற வேலையாட்களுக்குப் பின்பக்க ஷெட்டில் சோறும் பருப்பும்.

முதலில் அவனுக்கு அது கிரிக்கெட்டைக் கெடுத்து வைத்த ஆட்டமாகத்தான் தெரிந்தது. போகப்போக முடிச்சு பிடிபட்டது. கிரிக்கெட்டில் முதல் ஓவர் போடுகிறவன் கொஞ்ச நேரத்தில் எல்லைக்கோட்டோரம் போய் வேர்க்கடலை தின்னலாம். இங்கே முதலில் எறிய வருகிறவன், அந்த ஸ்டார்ட்டிங் பிட்சர், ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தன் ஒற்றைக் கையால் இழுக்க வேண்டும். அவன் நன்றாக எறிந்தால் அணி பிழைத்தது. ஒருநாள் எறிந்துவிட்டால் தோள் ஆற நாலைந்து நாள் ஆகும். அதுவரை வேறு வேறு ஆட்கள். ஆகவே கொரியர்கள் அணியைப் பார்த்துப் பந்தயம் கட்டமாட்டார்கள், இன்றைக்கு யார் எறிகிறான் என்று பார்த்துத்தான் கட்டுவார்கள். சூதாட்டம் குவைத்தில் ஆகாது என்பதால் காய்ந்த கணவாய் மீனும் சிகரெட்டும்தான் பந்தயம்.

கிளிட்டஸுக்கும் அந்தப் பித்து பிடித்தது. அவன் ஷெட்டில் போய் மற்றவர்களோடு கட்டுவான். தோற்றவன் வெள்ளிக்கிழமை குண்டான் கழுவ வேண்டும். அவனுக்கு ஒரே சூத்திரம், புசான் அணியின் யூன். காலை மடக்கி ஒற்றைக்காலில் அசையாமல் நின்று எறிவதால் மெஸ்ஸில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். கொக்கு எறிகிற நாளில் கிளிட்டஸ் புசான் பக்கம் நிற்பான், ஜெயிப்பான். கிளிட்டஸ் குண்டான் கழுவி யாரும் பார்த்ததில்லை.

2008-ல் கிளிட்டஸின் மகள் ஜெஸ்மிக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை கப்பல்காரன், அக்டோபரை விட்டால் அடுத்த வருஷம்தான் கரையேறுவான். கிளிட்டஸ் மெஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தான். இன்பமணியும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். அன்றைக்கு மாலையே போய் அதே தேதிகளுக்கு லீவ் கேட்டான்.

முறைப்படி அந்த வருஷம் லீவ் அவனுடையதுதான். கிளிட்டஸ் போன வருஷமே போய்வந்தவன். ஆனால் கிம்சி தெரிந்த இரண்டு பேரும் ஒன்றாகப் போக முடியாது. அட்மின் மேனேஜர் பார்க் இருவரையும் நிறுத்திவைத்து இரண்டு விரலைக் காட்டினார். "ஒன் கோ, ஒன் ஸ்டே. டூ கோ மாஃபி. யூ டாக்." அரபு மாஃபிக்கு இல்லை என்று பொருள்.

டாக் நடந்தது. "லே, எனக்க பிள்ளைக்க கல்யாணமாக்கும். ஒனக்கு ஊர்ல யாருல காத்துக் கெடக்கா?" என்றான் கிளிட்டஸ். அவன் அன்றைக்கு ஒரே ஒரு தடவை மன்னிப்பு என்று வாயெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. யார் காத்துக் கிடக்கிறார்கள் என்று கேட்டான். யாரும் இல்லாமல் ஆக்கியவனே கேட்டான்.

"முறை எனக்குள்ளதாக்கும் அண்ணே" என்றான் இன்பமணி.

ஊரில் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். கிளிட்டஸ் பார்க்கின் காலைச் சுற்றினான். பார்க்குக்கு இருவரும் வேண்டியவர்கள். ஒரு வியாழக்கிழமை மதியம், கணவாயைக் கடித்துக்கொண்டே அவர் தீர்ப்புச் சொன்னார். "டுமாரோ, புசான், தெகு. கேம். வின்னர் கோ. சீனியர் ஃபர்ஸ்ட்." நாளைக்குப் புசான் அணிக்கும் தெகு அணிக்கும் ஆட்டம். கிளிட்டஸ் முதலில் ஒரு அணியை எடுக்கலாம், மற்றது இன்பமணிக்கு. யாருடைய அணி ஜெயிக்கிறதோ அவனுக்கு லீவ்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முந்தின நாள், புதன்கிழமை, கிளிட்டஸ் மெஸ்ஸில் இல்லை. மகளுக்கு நகை எடுக்க ஃபஹாஹீல் நகைக்கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் புசானுக்குக் கொக்கு எறிந்தான். இன்பமணி பார்லி டீ ஊற்றிக்கொண்டே பார்த்தான். பிரமாதமாக எறிந்தான். ஆகவே வெள்ளிக்கிழமை அவன் வர வழியே இல்லை.

கிளிட்டஸ் டிவியைப் பார்த்தான். வியாழக்கிழமை ஆட்டத்தில் வேறொருவன் எறிந்துகொண்டிருந்தான். கிளிட்டஸின் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. கொரியர்களோடு பேச அங்கே எல்லோருக்கும் இருந்தது சைட் ஹிந்திதான். "சார், யூன் கப் பால்?" என்று கேட்டான். யூன் எப்போது எறிவான் என்பது கேள்வி.

"யூன்?" என்றார் பார்க். கட்டைவிரலை உயர்த்தினார். "யூன் கல். நம்பர் ஒன்."

ஹிந்தியில் கல் என்றால் நேற்றும் உண்டு, நாளையும் உண்டு. வினையைப் பார்த்துத்தான் எது என்று பிரித்தறிய வேண்டும். பார்க்கின் ஹிந்தியில் வினையே கிடையாது. சைட்டில் ஃபோர்மன், வேலைக்கு வராதவர்களைக் 'கல் க்யோம் நஹீ ஆயா', நேற்று ஏன் வரவில்லை, என்று திட்டுவதைக் கேட்டுக் கேட்டு அவர் பொறுக்கிய சொல் அது. அவருக்குக் கல் என்றால் நேற்று மட்டும்தான். நாளைக்கு டுமாரோ என்பார். தினமும் காலையில் அவருக்குக் கஞ்சி வைக்கும் இன்பமணிக்கு இது தெரியும். கிளிட்டஸோ பம்பாயில் பத்து வருஷம் ஹிந்தி பேசியவன். அவன் கேட்டது எப்போது எறிவான் என்று. காதில் விழுந்தது நாளை.

"புசான் சார். மை டீம் புசான்."

பார்க் புருவத்தை உயர்த்தினார். "புசான்? ஷுவர்?"

"ஷுவர் சார். கலாஸ்" என்று பேச்சை முடித்தான் கிளிட்டஸ்.

பார்க் சிரித்துவிட்டு இன்பமணியைப் பார்த்தார். "ஓகே. இன்பா, தெகு." இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். முடிந்தது.

கிச்சனுக்குள் வந்ததும் கிளிட்டஸ் அவன் தோளில் தட்டினான். "கேட்டியால? நாளைக்கு கொக்காக்கும் எறியப் போறான். இப்பமே விட்டுக்குடுத்துட்டா ஒனக்கு மரியாத. கல்யாணப் பலகாரம் கொண்டு வந்து தாறேன்."

"கேட்டேன் அண்ணே" என்றான் இன்பமணி.

ஒரே ஒரு சொல் போதும். 'நேற்று' என்று சொன்னால் கிளிட்டஸ் ஓடிப்போய் அணியை மாற்றிக்கொள்வான். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. இன்பமணி அதை விழுங்கினான். அப்பாவைப் பற்றிப் போனில் வந்த செய்தியை விழுங்கும்போது கிளிட்டஸுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவன் பலமுறை யோசித்ததுண்டு. அன்றைக்குத் தெரிந்துவிட்டது. இனிப்பாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கொரியர்களுக்கும் விடுமுறை. ஹால் நிறைந்திருந்தது. கிளிட்டஸ் குளித்து, சென்ட் அடித்து, கைகட்டி டிவிக்கு நேராக நின்றான். புசானின் பிட்சர் பந்தெறியும் மேட்டில் ஏறினான். கன்னம் உப்பிய ஒரு பொடியன். இதற்குமுன் யாரும் பார்த்திராத முகம்.

"சார், யூன்? யூன் கிதர்?" கிளிட்டஸின் குரல் உடைந்தது.

"யூன் கல்" என்றார் பார்க், முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டி. "கல் பால். கல் ஃபினிஷ்." புதனும் அவருக்குக் கல்தான், கடந்துபோனதெல்லாம் கல்.

கிளிட்டஸ் மெதுவாகத் திரும்பி இன்பமணியைப் பார்த்தான். இன்பமணி டீ கெட்டிலைப் பிடித்தபடி அவன் பார்வையைத் தாங்கி நின்றான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தவில்லை.

ஆனால் அந்தப் பொடியன் லேசுப்பட்டவன் இல்லை. முதல் மூன்று சுற்றிலும் தெகுவின் ஆட்களை வந்த வழியே அனுப்பினான். புசான் ஒரு ஓட்டமும் எடுத்தது. கிளிட்டஸின் முகத்தில் ரத்தம் திரும்பியது. இன்பமணி கெட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகூப்பினான். அந்தோனியாரே, இந்தப் பிள்ளையின் கை தளரட்டும், உமக்கு ஆளுயர மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டான். முன்பின் தெரியாத ஊரில் யாரோ பெற்ற பிள்ளையின் கைக்கு இப்படி ஒரு வேண்டுதல். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வேண்டுதலை அவன் திரும்ப வாங்கவில்லை.

நான்காம் சுற்றில் பொடியன் வியர்வையைத் துடைக்கத் தொடங்கினான். பந்து குறி தப்பியது. இரண்டு பேரை மட்டையால் அடிக்காமலே முதல் மூலைக்கு நடக்கவிட்டான். அடுத்து வந்த தடியன் மட்டையைச் சுழற்றிய சத்தத்திலேயே கொரியர்கள் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது, தெகுவுக்கு ஒரே அடியில் மூன்று ஓட்டம். அப்புறம் புசான் தலைதூக்கவே இல்லை. பார்க் கைதட்டி, "இன்பா கோ!" என்றார்.

கிளிட்டஸ் கிச்சனுக்கு வந்து இன்பமணியின் சட்டையைப் பிடித்தான். "நீ பொதனாழ்ச்ச பாத்துட்டுத்தானல நின்ன? கொக்கு எறிஞ்சத பாத்தல்லா?"

"பாத்தேன்."

"பெறவு எதுக்குல சொல்லல்ல?"

"எனக்க அப்பன் கெடக்கான்னு வந்த போன நீரு சொன்னீரா?"

பிடித்திருந்த கை தானாக விட்டது. கிளிட்டஸ் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து விம்மினான். இன்பமணி கேஸைத் திறந்து ராத்திரிக்கு உலை வைத்தான். பாவம் என்று தோன்றுமோ என்று தன்னைத் தானே தடவிப் பார்த்தான். தோன்றவில்லை. நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது.

ஊருக்குப் போகிறவன் கையில் பொதி கொடுத்துவிடுவது வளைகுடா வழக்கம். பகையென்றாலும் வேறு ஆள் இல்லை. மகளுக்கு எடுத்த நகையையும் பட்டுச் சேலையையும் கிளிட்டஸ் இன்பமணியின் பெட்டியில் வைத்தான். இன்பமணி அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். திருட்டுப் பட்டத்தையும் சுமக்க அவனுக்கு ஆசையில்லை.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் காலையிலேயே போய் நின்றுகொண்டான். பிள்ளையைக் கட்டிக்கொடுக்க வராத அப்பனை ஊர் என்ன பேசப்போகிறது என்று காதைத் தீட்டிவைத்திருந்தான். ஊர் பேசியது. "பாவம் கிளிட்டஸ், அங்க கெடந்து எப்படி அழுதிட்டிருப்பானோ" என்றது. "நாய் மாதிரி ஒழைச்சு இவ்வளவும் செஞ்சிருக்கான், பாக்கதுக்குக் குடுத்து வைக்கல்ல" என்றது. ஓவர்டைம் என்ற சொல்லை ஒருவர்கூட எடுக்கவில்லை. இன்பமணிக்கு வயிறெரிந்தது. தனக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா? கூட்டத்தில் அக்கா டெல்சி இருந்தாள். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள்.

அப்போது அவனுடைய மொபைல் அடித்தது. கிளிட்டஸ்.

"இன்பமணி, நீ அவளக் கைபிடிச்சு உள்ள கொண்டு போணும். எனக்குக் கூடப்பெறந்தவனுவ இல்ல. அப்பன் வழி ஆளுதான் பிடிக்கணும், மாமன்மாரு பிடிக்கப்பிடாதுன்னு ஒனக்கே தெரியும். முறைக்கு நீதான் சித்தப்பன்."

திரும்பிப் பார்த்தான். ஜெஸ்மி வெள்ளைப் பட்டில், கையில் பூச்செண்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். "அப்பா சொல்லிச்சா சித்தப்பா?" என்றாள். கண் நிறைந்திருந்தது.

"நான் பிடிக்கேன்" என்றான் இன்பமணி போனில். "அதுக்கு முன்ன நீரு டெல்சி அக்காட்ட உள்ளத உள்ளபடி சொல்லணும்."

"இப்பமா? பாட்டு தொடங்கியாச்சே, எனக்கு இஞ்ச கேக்குது. கல்யாணம் முடியட்டு, பெறவு சத்தியமா சொல்லுகேன்."

"பெறவு, பெறவுன்னுதானே எனக்க அப்பன மண்ணுக்குள்ள வச்சீரு. இப்பம் சொல்லும். இல்லன்னா பிள்ள வாசல்லயே நிக்கட்டு."

பீடத்துக்கு முன்னாலிருந்து பாதிரியார் எட்டிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்பமணி பெண்கள் பக்கம் போய் அக்காவின் கையில் போனைத் திணித்தான். அவள் வேண்டாவெறுப்பாகக் காதில் வைத்தாள். பாட்டுச் சத்தத்தை மீறி அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது முதலில் சுருங்கியது, பிறகு வெளுத்தது. ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முழுவதும் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். அவள் தன்னைத் தம்பி என்று கூப்பிடப் போகிறாள் என்று அவன் நின்றான்.

"கிளிட்டஸ் சொன்னத நான் அப்படியே அப்பன்கிட்ட சொல்லிட்டனே" என்றாள் டெல்சி. "கடைசி மூச்சு வர ஒன்ன ஏசிக்கிட்டேதான் செத்தாரு. அவருட்ட இனி யாருல போய்ச் சொல்லுவா?"

போனில் கிளிட்டஸ் இன்னும் இருந்தான். இன்பமணி காதில் வைத்தபோது கெஞ்சினான். "கட் பண்ணாத மக்கா. பையில போட்டு வச்சிக்கோ. தாலி கெட்டும்போ உள்ள பாட்டையாவது கேட்டுக்கிடுகேன்."

இன்பமணி சிவப்புப் பொத்தானை அழுத்தி அணைத்தான். பிறகு வாசலுக்குப் போய், கிளிட்டஸின் மகளைக் கைபிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு நடந்தான்.